பார்சலும் வரவில்லை, பணமும் வரவில்லை: வெளி விற்பனையாளரிடம் வாங்கிச் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

ஆன்லைனில் வாங்கிய பொருள் வராமல் போனாலோ தப்பாக வந்தாலோ பெரும்பாலானோர் முதலில் செய்வது கஸ்டமர் கேருக்குப் போன் போடுவது. அவர்கள் விற்பனையாளரைக் கேளுங்கள் என்பார்கள், விற்பனையாளர் கூரியரைக் கேளுங்கள் என்பார், கூரியர் ஆபீஸில் அனுப்பியவர்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பார்கள், இந்த அலைச்சலிலேயே வாரங்கள் ஓடிப்போய் புகார் கொடுக்க வேண்டிய கடைசி தேதியும் தாண்டிவிடும். இப்படிப் பணத்தை விட்டவர்கள் பலர் விவரமானவர்கள்தான். நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் கேட்க வேண்டிய ஆளிடம், தேதிக்குள், எழுத்தில் கேட்கவில்லை. அந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாரிடம் வாங்கினீர்கள் என்று பாருங்கள்

பெரிய தளங்களில் நாம் பார்க்கும் பொருட்களில் ஏராளமானவை அந்தத் தளத்துக்குச் சொந்தமானவை அல்ல. தளம் இடம் கொடுக்கிறது, பணத்தை வாங்கிக்கொள்கிறது, சரக்கு வேறொரு விற்பனையாளருடையது. தேர்ட் பார்ட்டி செல்லர் என்று சொல்வது இவர்களைத்தான். ஆர்டர் பக்கத்தைத் திறந்து இரண்டு விவரங்களைத் தேடுங்கள்: விற்பது யார், அனுப்புவது யார். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று இல்லை. அமேசானில் விற்பவர் வெளி ஆளாக இருந்தாலும் சரக்கு அமேசானின் கிடங்கிலிருந்து வந்திருந்தால் டெலிவரி, ரிட்டர்ன் எல்லாவற்றுக்கும் நேராக அமேசானிடமே பேசலாம், விற்பனையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. விற்பவரே தன் இடத்திலிருந்து அனுப்பியிருந்தால் வழி வேறு: முதலில் அவருக்குத் தளத்தின் வழியாகவே எழுத வேண்டும், 48 மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் ஏ டு ஸீ கேரண்டி என்ற பெயரில் இருக்கும் பாதுகாப்பின் கீழ் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஈபேயில் கிட்டத்தட்ட எல்லாமே வெளி விற்பனையாளர்தான். அங்கே முதலில் விற்றவரிடம் கோரிக்கை வைத்து, மூன்று வேலை நாட்களில் அவர் சரிசெய்யாவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம்.

இதெல்லாம் தளம் ஒன்று நடுவில் இருந்தால்தான். சமூக ஊடகத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்து மெசேஜ் அனுப்பி, அவர்கள் கொடுத்த கணக்குக்குப் பணம் போட்டு வாங்கியிருந்தால் நடுவில் கேட்க யாருமில்லை. அப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி நீங்கள் பணம் கட்டிய வழி. கார்டு என்றால் நல்ல பிடி, பேபால் என்ற ஆன்லைன் பணச் சேவையில் பொருள் வாங்கியதாகக் கட்டியிருந்தால் அதுவும் நல்ல பிடி. ஆனால் கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லி, நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் அனுப்பும் வகையில் பேபாலில் பணம் போடச் சொல்கிறவர்களிடம் வாங்காதீர்கள், அந்த வகைக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. அப்படிச் சொல்கிறவருக்கு அது தெரிந்தேதான் இருக்கும்.

கடைசி தேதிகள்

பிரச்சினை என்று தெரிந்த அன்றே ஒரு காரியம் செய்துவிடுங்கள்: எந்தத் தேதிக்குள் யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்று பார்த்து போன் காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள். கடைசி நாளுக்கு அல்ல, அதற்கு ஒரு வாரம் முன்னால். ஈபேயில் பொருள் வந்த நாளிலிருந்தோ, வரவில்லை என்றால் வரும் என்று சொன்ன கடைசி நாளிலிருந்தோ 30 நாள். அமேசானின் கேரண்டிக்கு வரும் என்று சொன்ன கடைசி நாளிலிருந்து பொதுவாக 90 நாள். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறை, அதாவது டிஸ்ப்யூட் என்ற முதல் கட்டப் புகாரை, திறக்க வேண்டும், திறந்தபின் 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டத்துக்கு, அதாவது பேபாலே தீர்ப்புச் சொல்லும் கிளெய்ம் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த 20 நாளைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். விற்பனையாளர் தினமும் இனிமையாகப் பதில் போட்டுக்கொண்டே இருப்பார், நாமும் நம்பிக்கொண்டே இருப்போம், 20 நாள் முடிந்ததும் தகராறு தானாக மூடிவிடும், மூடியதை மறுபடி திறக்க முடியாது. விசா, மாஸ்டர்கார்டு வழியாகக் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்க பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் வரை இடமுண்டு, ஆனால் உங்கள் வங்கி அதைவிட முன்னதாகவே கேட்கலாம், அதனால் அவ்வளவு நாள் தள்ளாதீர்கள்.

தளங்களின் விதிகள் நாட்டுக்கு நாடும் பொருளுக்குப் பொருளும் கொஞ்சம் மாறும். ஆர்டருக்குக் கீழே ரிட்டர்ன் கடைசி தேதி என்று போட்டிருப்பதே உங்களுக்குச் செல்லும் தேதி.

டெலிவரி ஆகிவிட்டது என்று காட்டுகிறது, கையில் ஒன்றும் இல்லை

முதலில் எளிதான காரணங்களைப் பார்த்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது வாங்கி வைத்திருக்கலாம், பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கலாம், காவலாளியிடமோ வரவேற்பு மேசையிலோ இருக்கலாம். சில சமயம் டெலிவரி ஆள் அன்றைய கணக்கை முடிப்பதற்காக முன்கூட்டியே டெலிவரி ஆனதாகப் பதிந்துவிட்டு மறுநாள் கொண்டுவருவார், அதனால் ஒரு நாள் பொறுப்பதில் தவறில்லை. ஒரே ஆர்டரில் பல பொருட்கள் இருந்தால் அவை தனித்தனிப் பெட்டிகளாக வரலாம், அதில் ஒன்று வந்ததும் ஆர்டர் முழுவதும் வந்துவிட்டதாகக் காட்டுவதும் நடக்கிறது. டிராக்கிங் எண் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் இல்லை என்றால் டெலிவரிக்கான ஆதாரத்தைக் கேளுங்கள். கையெழுத்து, வாசலில் எடுத்த போட்டோ, ஓடிபி, பார்சலின் எடை, வைத்த இடத்தின் ஜிபிஎஸ் குறியீடு, இவற்றில் ஒன்றிரண்டாவது கூரியரிடம் இருக்கும். போட்டோவில் இருப்பது உங்கள் கதவே இல்லை என்றால் உங்கள் கதவைப் படமெடுத்துப் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள், வேறு விளக்கமே வேண்டாம்.

ஒரு மோசடி இருக்கிறது, இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். விற்பனையாளர் உங்களுக்குப் பொருளை அனுப்பவே மாட்டார். உங்கள் ஊரிலேயே, உங்கள் அஞ்சல் குறியீட்டிலேயே, வேறொரு முகவரிக்கு ஒரு வெற்றுக் கவரை அனுப்பிவிட்டு அதன் டிராக்கிங் எண்ணை உங்கள் ஆர்டரில் போட்டுவிடுவார். தளத்தின் கணினி பார்ப்பது ஊரையும் டெலிவரி ஆன நிலையையும் மட்டும்தான் என்றால் புகார் முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகும். இதை உடைக்கும் வழி கூரியரிடமோ அஞ்சலகத்திலோ இருக்கிறது. இந்த எண்ணில் வந்த பார்சல் என் முகவரிக்கு வந்ததல்ல என்று அவர்களிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். யாருடைய முகவரி என்று சொல்லமாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை, உங்களுடையது இல்லை என்று சொன்னால் போதும். எடையையும் கேளுங்கள். இரண்டு கிலோ இருக்க வேண்டிய பொருள் இருபது கிராம் கவராகப் போயிருந்தால் அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை.

வெளிநாட்டிலிருந்து அஞ்சல் வழி வரும் பார்சலின் எண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள். உலக அஞ்சல் ஒன்றியத்தின் முறைப்படி அது 13 இடங்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் எந்த நாட்டு அஞ்சல் அந்த எண்ணைக் கொடுத்தது என்பதற்கான இரண்டெழுத்து. பொருள் ஒரு நாட்டிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டு எண் இன்னொரு நாட்டைக் காட்டினால் அதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம், ஆனாலும் கேட்டுவிடுங்கள். லேபிள் உருவாக்கப்பட்டது என்ற நிலையிலேயே பல நாள் நிற்கிறது என்றால் கூரியர் கையில் பார்சல் இன்னும் போகவே இல்லை, அனுப்பிவிட்டேன் என்று விற்பனையாளர் என்ன சொன்னாலும் சரி.

இன்னொன்று, கூரியரோடு நீங்கள் மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கூரியரை அமர்த்தியது விற்பனையாளர் அல்லது தளம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் நுகர்வோர் சட்டமே, பொருள் வாங்கியவர் கைக்கு வந்து சேரும்வரை அது தொலைந்தால் பொறுப்பு விற்றவருடையது என்று தெளிவாகச் சொல்கிறது. மற்ற இடங்களிலும் பெரிய தளங்களின் விதிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன. அதனால் ஆதாரம் கேட்க மட்டும் கூரியரிடம் போங்கள். பணத்தை விற்றவரிடமும் தளத்திடமும் கேளுங்கள்.

தப்பான பொருள், உடைந்த பொருள், காலிப் பெட்டி

விலை கூடிய பொருள் என்றால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே வீடியோவைத் தொடங்கிவிடுங்கள். வீடியோ நடுவில் வெட்டு விழாமல் இருக்க வேண்டும், முதலில் முகவரி லேபிளும் டிராக்கிங் எண்ணும் படிக்கிற மாதிரி தெரிய வேண்டும், பெட்டியின் ஆறு பக்கத்தையும் ஒட்டிய டேப்பையும் காட்டிவிட்டுப் பிரியுங்கள். போன், லேப்டாப் மாதிரிப் பொருளில் சீரியல் எண்ணையோ ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்ஈஐ எண்ணையோ பில்லில் இருக்கும் எண்ணோடு சேர்த்துக் காட்டுங்கள். வீடியோ இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை, பெட்டியின் மேல் எடை அச்சிட்டிருக்கும், அதையும் உள்ளே இருந்ததையும் சமையலறைத் தராசில் வைத்த படத்தையும் அனுப்பலாம். பெட்டி, டேப், உள்ளே அடைத்த காகிதம் எதையும் முடிவு தெரியும்வரை தூக்கிப்போடாதீர்கள்.

டெலிவரி ஆள் வாசலில் நின்று ஓடிபி கேட்கும்போது, பிரித்துப் பார்க்கும் வசதி உள்ள ஆர்டர் என்றால் பார்த்தபிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும். அவருக்கு அவசரம் இருக்கும், பாவம், நாள் முழுக்க ஓட்டம், ஆனால் அந்த எண்ணைச் சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அதேபோல சில தளங்களில் பொருள் கிடைத்தது என்று உறுதிசெய்யும் பட்டன் இருக்கிறது, அதை அழுத்தினால் விற்பனையாளருக்குப் பணம் விடுவிக்கப்படும். பொருளைப் பார்த்துச் சரிபார்க்காமல், அவர் எத்தனை முறை கேட்டாலும், அதைத் தொடாதீர்கள்.

ரிட்டர்ன் போடும்போது காரணத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்பட வேண்டாம். எளிதாக இருக்கிறதே என்று மனம் மாறிவிட்டது, பிடிக்கவில்லை என்று தேர்ந்தெடுத்தால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழும், சில பொருட்களுக்கு ரிட்டர்னே கிடையாது என்றும் வந்து நிற்கும். தப்பான பொருள், சேதமான பொருள், விவரித்தபடி இல்லை என்று உண்மையான காரணத்தைப் போட்டால் பெரிய தளங்களில் அந்தச் செலவை விற்றவர் ஏற்க வேண்டும். விளம்பரப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், தலைப்பு, படம், அளவு, எந்தப் பொருளால் செய்தது என்ற விவரம் எல்லாம் வரும்படி. விற்பனையாளர் நாளைக்கே அதை மாற்றிவிட முடியும்.

விற்பனையாளருக்கு எப்படி எழுதுவது

தளத்தின் மெசேஜ் பெட்டியிலேயே எழுதுங்கள், வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். நாளைக்குத் தளம் தீர்ப்புச் சொல்லும்போது அவர்கள் கண்ணில் படுவது அந்தப் பெட்டியில் இருப்பது மட்டும்தான். போனில் பேசியே தீர வேண்டியிருந்தால், பேசி முடித்ததும் இன்று இன்ன நேரம் பேசியபோது இப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு வரி அதே பெட்டியில் போட்டுவிடுங்கள்.

கோபத்தைக் கொட்டி நீளமாக எழுதினால் படிப்பவருக்கு விஷயம் பிடிபடாது. இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். இன்ன ஆர்டர் எண், இன்ன தேதியில் வாங்கியது. கறுப்பு நிற ஹெட்போன் கேட்டிருந்தேன், வந்தது வேறு மாடல் சார்ஜர். பெட்டியின் லேபிளும் உள்ளே இருந்த பொருளும் தெரியும் படங்களை இணைத்திருக்கிறேன். எனக்கு மாற்றுப் பொருள் வேண்டாம், முழுப் பணமும் நான் கட்டிய கார்டுக்கே திரும்ப வேண்டும். வந்த பொருளைத் திருப்பி அனுப்பத் தயாராக இருக்கிறேன், அதற்கான கட்டணமில்லாத லேபிளை அனுப்புங்கள். இன்ன தேதிக்குள் பதில் இல்லையென்றால் தளத்திடம் கோரிக்கை வைப்பேன்."

என்ன நடந்தது, என்ன ஆதாரம், என்ன வேண்டும், எப்போதைக்குள். இதில் என்ன வேண்டும் என்பதைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள், நியாயம் கிடைக்க வேண்டும் என்று முடிக்கிறார்கள், அந்தப் பக்கம் இருப்பவருக்கு ரீஃபண்ட் போடுவதா வேறு பொருள் அனுப்புவதா என்றே தெரியாது. தெரியாததால் ஒன்றும் செய்யமாட்டார். மொழி புரியாத விற்பனையாளர் என்றால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டாலும் உடையாது.

நேர்மையான விற்பனையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆளோ ஒரு சின்னக் குடும்பமோ பொதி கட்டி அனுப்பும் கடைகள் உண்டு, இரண்டு லேபிள் இடம் மாறிப்போயிருக்கும், கேட்டதும் வருந்தி அன்றே பணத்தைப் போட்டுவிடுவார்கள். அதனால் முதல் மெசேஜிலேயே திருடன் என்று ஆரம்பிக்க வேண்டாம். இரண்டாவது பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

இழுத்தடிக்கிறவர்களிடமிருந்து வரும் பேச்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தடுமாற மாட்டீர்கள். இன்னும் பத்து நாள் பொறுங்கள், பார்சல் வழியில்தான் இருக்கிறது என்பார், அந்தப் பத்து நாளில் உங்கள் கடைசி தேதி இருக்கும். பொறுக்கிறேன் என்று சொல்லலாம், தகராறைத் திறந்து வைத்துவிட்டுப் பொறுங்கள். புகாரை முதலில் மூடுங்கள், அப்போதுதான் எங்கள் சிஸ்டத்தில் ரீஃபண்ட் போட முடியும் என்பார். இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், பணம் கணக்கில் ஏறியபின் மூடிக்கொள்ளலாம், பெரும்பாலும் ரீஃபண்ட் போனதும் அதுவே மூடிவிடும். பத்து சதவீதம் தருகிறேன், பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பார், மறுத்தால் இருபது, அப்புறம் முப்பது என்று ஏலம் மாதிரிப் போகும். சின்னக் கீறல் விழுந்த, பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு இது நல்ல தீர்வாகவும் இருக்கலாம், உங்களுக்குச் சரி என்று பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பாதிப் பணத்தை ஏற்றுக்கொண்டபின் மீதியைக் கேட்பது ரொம்பக் கஷ்டம். திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைவிட அதிகமாக வருகிற மாதிரி ஏதோ ஒரு தூர தேசத்து முகவரியைக் கொடுப்பதும் உண்டு, அதைக் கண்டு கைவிடாமல் தளத்திடம் போங்கள், அனுப்புவதற்கு முன்னால் செலவு யாருடையது என்று அவர்கள் வாயால் எழுத்தில் வரட்டும். நல்ல விமர்சனம் எழுதினால் பணம் தருகிறேன் என்றால் அந்த மெசேஜையே தளத்துக்குப் புகாராக அனுப்பலாம், பெரிய தளங்கள் இதைத் தடைசெய்திருக்கின்றன.

திருப்பி அனுப்பும்போது நடக்கும் குழப்பம்

ஒரே நாளில் இரண்டு பொருளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இடத்தை மிச்சப்படுத்த இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரு லேபிளை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு லேபிளும் ஒரு பொருளோடு கட்டிவைக்கப்பட்டது. இரண்டு விற்பனையாளர்களின் பொருள் என்றால் முகவரியே வேறாக இருக்கும். சேர்த்து அனுப்பச் சொல்லித் தளமே கேட்காத வரையில் தனித்தனியாகவே அனுப்புங்கள், ஒட்டும்போது எந்த லேபிள் எதற்கு என்று ஒருமுறை சரிபாருங்கள். உள்ளே வைக்கும் பொருளையும் ஒட்டிய லேபிளையும் படமெடுங்கள். எடுத்துச் செல்ல வருபவரிடம் ரசீதோ மெசேஜோ வந்தபின் பார்சலைக் கையில் கொடுங்கள். கிடங்கில் பொருள் வரவில்லை, அல்லது வேறு பொருள் வந்திருக்கிறது என்று பதில் வந்தால் இந்த மூன்றும்தான் உங்களைக் காப்பாற்றும்.

போன், கம்ப்யூட்டர் என்றால் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, தரவை அழித்து, சிம்மை எடுத்துவிட்டு அனுப்புங்கள். பூட்டிய கருவி என்று சொல்லி ரீஃபண்டை நிறுத்திவைப்பார்கள்.

ரீஃபண்ட் போட்டாச்சு என்கிறார்கள், கணக்கில் இல்லை

இங்கே அவசரப்பட்டுச் சண்டை போட வேண்டாம், ஏனென்றால் பாதி சமயம் பணம் வந்திருக்கும், நாம் தேடும் இடத்தில் இருக்காது. பணம் கட்டிய சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஆர்டர் ரத்தாகியிருந்தால், வங்கி அந்தத் தொகையைப் பிடித்து மட்டும் வைத்திருக்கும், இன்னும் எடுத்திருக்காது. அப்போது ரீஃபண்ட் என்று தனியாக ஒரு வரவு வராது, பழைய பற்று வரியே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். வரவை மட்டும் தேடினால் கிடைக்காது, பற்று இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் பணத்தைக் கிஃப்ட் கார்டிலும் மீதியைக் கார்டிலும் கட்டியிருந்தால் இரண்டும் தனித்தனியாக, வெவ்வேறு நாளில் திரும்பும். தளத்தின் வாலட்டுக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள், வேகமாகக் கிடைக்கும் என்று போட்டிருந்ததைப் பார்த்து ரிட்டர்ன் போடும்போது நாமே அதைத் தேர்ந்தெடுத்திருப்போம். வேறு நாட்டு நாணயத்தில் வாங்கியிருந்தால் மாற்று விகிதம் மாறியதால் தொகை கொஞ்சம் கூடவோ குறைச்சலாகவோ வரும்.

கார்டுக்கு ரீஃபண்ட் போய்ச் சேர சில வேலை நாட்கள் ஆகும். அது தாண்டியும் வரவில்லை என்றால் விற்பனையாளரிடமோ தளத்திடமோ ஏஆர்என் எண்ணைக் கேளுங்கள். கார்டு பரிவர்த்தனைக்கு வங்கிகளுக்கிடையே கொடுக்கப்படும் 23 இலக்க எண் அது. ரீஃபண்ட் உண்மையிலேயே அனுப்பப்பட்டிருந்தால் அந்த எண் இருக்கும், அதை உங்கள் வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள். சிஸ்டத்தில் போட்டாச்சு சார் என்று மட்டும் சொல்லிக்கொண்டு எண்ணைத் தர மறுத்தால், பணம் கிளம்பவே இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பணம் கட்டிய கார்டு காலாவதியாகிவிட்டது, தொலைந்து புதுக் கார்டு வாங்கிவிட்டேன் என்றாலும் பயப்பட வேண்டாம், அதே வங்கியில் கணக்கு இருந்தால் பெரும்பாலும் அதில் வந்து சேர்ந்துவிடும். கணக்கையே மூடியிருந்தால்தான் வங்கியைக் கூப்பிட வேண்டும்.

தவணையில் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது: பொருளைத் திருப்பி அனுப்பியதால் கடன் தானாக நின்றுவிடாது. ரீஃபண்ட் கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போய்ச் சேரும்வரை தவணை விழும். கட்டாமல் விட்டால் அபராதமும் கடன் மதிப்பெண்ணில் சரிவும் உங்களுக்குத்தான். ரிட்டர்ன் ஆதாரத்தை அந்த நிறுவனத்துக்கும் அனுப்பி, தவணையை நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது

சார்ஜ்பேக் என்று சொல்வார்கள். விற்பனையாளரும் தளமும் கைவிட்டபின் கார்டு கொடுத்த வங்கியிடம் போய், பொருள் வரவில்லை அல்லது சொன்னபடி இல்லை, கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துக்கொடுங்கள் என்று கேட்பது. இதற்கு விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் தனி விதிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கு இது சட்ட உரிமையாகவே இருக்கிறது, 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தொகை முதலில் வந்த கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வங்கியில் கேட்கும்போது மோசடிப் பரிவர்த்தனை என்ற பிரிவில் போடாதீர்கள், அது உங்களுக்குத் தெரியாமல் யாரோ கார்டைப் பயன்படுத்தினால் போடுவது. நீங்களே கட்டிய பணம், பொருள் வரவில்லை என்பதுதான் உங்கள் வழக்கு. பிரிவு தப்பினால் நல்ல வழக்கும் தோற்கும்.

தளத்தில் கோரிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே வங்கியிலும் போட்டுவிடலாம், எது முதலில் வருகிறதோ வரட்டும் என்று நினைக்காதீர்கள். வங்கிக்குப் போனது தெரிந்ததும் தளமும் பேபாலும் தங்கள் பக்கத்துப் புகாரை மூடிவிடும். தளத்தில் முடிவு வரட்டும், பாதகமாக வந்தால் முதலில் மேல்முறையீடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் புதிய ஆதாரத்தோடு போடுங்கள், பழையதையே மறுபடி அனுப்பினால் அதே பதில்தான் வரும். வங்கியின் கடைசி தேதி நெருங்குகிறது என்றால் மட்டும் தளத்தின் முடிவுக்குக் காத்திருக்காமல் வங்கிக்குப் போய்விடுங்கள்.

வங்கியில் பணம் தற்காலிகமாக வரவு வைக்கப்பட்டதைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. விற்றவர் மறுத்துப் பதில் கொடுக்கலாம், அப்போது வங்கி உங்களிடம் விளக்கம் கேட்கும், அந்தக் கடிதத்துக்கோ மின்னஞ்சலுக்கோ பதில் போடாவிட்டால் பணம் திரும்ப எடுக்கப்படும். ஸ்பேம் பெட்டியையும் அவ்வப்போது பாருங்கள்.

இதற்கும் மேலே சட்டம் இருக்கிறது, நாட்டைப் பொறுத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம், ஆனால் அது வணிகரிடம் வாங்கியதற்குத்தான், தன் பழைய பொருளை விற்கும் தனிநபருக்குப் பொருந்தாது. பிரிட்டனில் குறையுள்ள பொருளை நிராகரித்து முழுப் பணமும் கேட்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் 30 நாள் தருகிறது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், அது நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தளத்துக்கு எழுதும் கடைசி மின்னஞ்சலில் உங்கள் நாட்டின் விதியை ஒரு வரியில் குறிப்பிடுங்கள், சாட்டில் இருப்பவரைத் தாண்டி, முடிவெடுக்கக்கூடிய ஒருவரிடம் அது போக வாய்ப்பு அதிகம்.

ரீஃபண்ட் தருகிறோம் என்று வருகிற அழைப்புகள்

பிரச்சினையில் இருக்கிறவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபொறியில் தேடினால் போலி எண்கள் மேலே வந்து நிற்கும். சமூக ஊடகத்தில் தளத்தைக் குறிப்பிட்டுப் புலம்பினால் சில நிமிடத்தில் அதே லோகோவோடு ஒரு போலிக் கணக்கு பதில் போடும். எண்ணை ஆப்பின் உள்ளே இருந்து மட்டும் எடுங்கள். உங்களுக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணை (PIN) போடத் தேவையில்லை, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யத் தேவையில்லை, திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றத் தேவையில்லை, வங்கி ஓடிபியைச் சொல்லத் தேவையில்லை. இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் பேசிக்கொண்டிருக்காமல் வைத்துவிடுங்கள், நம்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே வங்கியைக் கூப்பிட்டுக் கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள்.

சில சமயம் எல்லாம் முடிந்து, பணம் திரும்பி வந்து, இரண்டு வாரம் கழித்துக் காணாமல்போன பார்சல் வாசலுக்கு வந்து நிற்கும். அல்லது மாற்றுப் பொருளும் வரும், ரீஃபண்டும் வரும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், கூடாது. நீங்கள் கேட்டு வாங்கிய பொருள் அது, விற்றவர் சின்ன ஆளாக இருந்தால் நஷ்டம் அவருக்கு நேராக விழும். பார்சல் வந்துவிட்டது, பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் அல்லது பார்சலை எடுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள் என்று அதே மெசேஜ் பெட்டியில் எழுதிவிடுங்கள். வைத்துக்கொள்ளுங்கள் பரவாயில்லை என்று பதில் வந்தால், அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மற்ற ஆதாரங்களோடு போட்டு வையுங்கள்.